ஒரிஜினல்காரர்

வாழ்நாளில் ஒரு பொருளைக்கூட வீணாகத் தூக்கிப் போடாத மனிதர் என்று அவரைப் பலர் புகழ்ந்து கேட்டிருக்கிறேன். புகழ்ந்தவர்களில் ஒருவர்கூட அவர் வீட்டு கிரைண்டரில் மாவு அரைத்ததில்லை.

மணவாள நகரில் இருந்த அவர் வீட்டுக்கு ஒருமுறை தண்ணீர் மோட்டார் பார்க்கப் போயிருந்தேன். சமையலறையில் அவருடைய மனைவி ஒரு மரப்பலகையின் மேல், காலில் ரப்பர் செருப்போடு நின்றுகொண்டு, கிரைண்டருக்குள் கையை விடாமல் மரக்கரண்டியால் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். ஏம்மா இப்படி என்று கேட்டேன். தொட்டால் ஷாக் அடிக்கும் என்றார், வெளியே வெயில் அடிக்கிறது என்று சொல்கிற அதே குரலில். ஒயர் மாற்ற அரை மணி நேரம்கூட ஆகாது, மாற்றித் தரட்டுமா என்று நான் கேட்டதற்குக் கூடத்திலிருந்து பதில் வந்தது.

"அது கம்பெனி ஒயரு. ஒரிஜினல். செருப்பு போட்டுக்கினு அரைச்சா ஒன்னியும் ஆவாது."

அந்தச் சொல்லை அவர் சொல்வதே தனி. நடுவில் இருக்கும் 'ஜி'யைக் கொஞ்சம் இழுத்து, கண்ணைப் பாதி மூடிச் சொல்வார். அவர் வீட்டு அழைப்பு மணி அடிக்காது, ஆனால் ஒரிஜினல். கூடத்துக் கடிகாரம் தினமும் இருபது நிமிடம் பின்தங்கும், அதுவும் ஒரிஜினல். மூக்குக்கண்ணாடியின் இடது காலை ஒரு செப்புக்கம்பிதான் தாங்கிக்கொண்டிருந்தது. கம்பி நான் கொடுத்தது. ஆனால் பிரேம் ஒரிஜினல்.

இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. கஞ்சர்கள் பலரை எனக்குத் தெரியும், அவர்களிடம் ஒரு கணக்கு நியாயம் இருக்கும். இவரிடம் இருந்தது வேறு. தன்னுடைய பொருள் ஒன்று கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால், தன்னையே கெட்டவன் என்று சொல்லிவிட்டதாக அவருக்குப் படும். உடனே முகம் இறுகிவிடும். இப்போது அவர் இல்லை. இறந்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். நானும் முயன்று பார்க்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஒரு தொழிற்சாலையில் அவர் ஸ்டோர் ஆபீசராக இருந்தார். நான் அங்கே எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில், அதாவது செப்புக்கம்பிச் சுருள், சுற்றும் வேலையில் இருந்தேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "நீ சின்னப்பன் மவன் தான?" என்றார். ஆமாம் சார் என்றேன். என் பெயர் அருள். அதை அவர் கேட்கவும் இல்லை, நாங்கள் பழகிய இருபத்து சொச்சம் வருடங்களில் ஒருமுறை சொல்லவும் இல்லை.

என் அப்பா திருப்பாச்சூரில் அவர்கள் குடும்பத்து நிலத்தில் கூலி வேலை செய்தவர். நெல் வேலை இல்லாத நாட்களில் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஸ்டோர் ஆபீசரின் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கிய கறுப்புக் கார் ஒன்று அந்த வீட்டில் நின்றது. திருவிழா, கல்யாணம் என்றால் அதை வெளியே எடுப்பார்கள். எடுத்தால் பாதி வழியில் நிற்கும். நின்றால் தள்ள ஆள் வேண்டும். வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்து தள்ளுகிற நான்கு பேரில் அப்பாவும் ஒருவர். அப்பா இதைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஸ்டோரில் அவருடைய விதி ஒன்றே ஒன்று. பழையதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அது உண்மையிலேயே கெட்டுவிட்டது என்று அவர் ஒப்புக்கொண்டால்தான் புதியது கிடைக்கும். அவர் ஒப்புக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. மின்சார வேலைக்குப் போடும் என் ரப்பர் கையுறையில் ஊசித் துளை விழுந்திருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். பலூன் ஊதுவது போல ஊதி, காதருகே வைத்துக் கேட்டார். மறுநாள் வா என்றார். மறுநாள் அதே கையுறையைத் திருப்பிக் கொடுத்தார். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுகிற கடையில் கொடுத்து ஒட்டுப் போட்டு வாங்கி வந்திருந்தார்.

அடுத்த மாதம் பேனல் பெட்டியில் வேலை செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் என்னைத் தூக்கி அடித்தது. சுவரில் போய் விழுந்தேன். இடது கையில் இரண்டு விரல்கள் கருகின. இன்றும் அவை முழுதாக மடங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் நான் படுத்திருந்தபோது அவர் வந்தார். பார்க்க வந்திருக்கிறாரே என்று எழுந்து உட்கார முயன்றேன். பைக்குள் கைவிட்டு அந்தக் கையுறையை வெளியே எடுத்தார்.

"பாரு, ஒட்டு பிரியல. கிளவுஸ் நல்லாத்தான் கீது. நீதான் கைய எங்கியோ வெச்சிட்ட."

இதைச் சொல்வதற்காக அவர் பஸ் பிடித்து வந்திருந்தார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். விசாரணையிலும் அதையேதான் எழுதிக் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது. நான் வேலையை விட்டேன். தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையிலேயே மோட்டார் ரீவைண்டிங் கடை போட்டேன். என் மனைவி ஸ்டெல்லாவும் காயில் சுற்றக் கற்றுக்கொண்டாள். மடங்காத என் இரண்டு விரலுக்கு அவள் பத்து விரல் வந்து சேர்ந்தது.

பல வருடம் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு, ஒரு நாள் கடை வாசலில் வந்து நின்றார். கையில் பழைய வேட்டியில் சுற்றிய ஏதோ ஒன்று. கைக்குழந்தையை ஏந்துவது போல ஏந்தியிருந்தார். பிரித்தார். அந்தக் காரின் மேக்னெட்டோ.

அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றுக்குப் பேட்டரி வேண்டாம். எஞ்சினோடு சேர்ந்து சுற்றி, காந்தத்துக்கு நடுவில் செப்புக்கம்பிச் சுருள் ஒன்றைச் சுழல விட்டு, எஞ்சினுக்கு வேண்டிய தீப்பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் கருவிதான் மேக்னெட்டோ. படத்தில்தான் பார்த்திருந்தேன். குதிரை லாடம் போல வளைந்த காந்தங்கள், பித்தளை உடம்பு, அதற்குள் கைமுஷ்டி அளவு சுருள். பார்த்த உடனே எனக்குக் கை துறுதுறுத்தது. அவரைத் திருப்பி அனுப்ப எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அனுப்பவில்லை. இந்தப் பக்கத்தில் இதை எவனும் தொட்டிருக்க மாட்டான், நான் தொடப்போகிறேன் என்ற ஆசை. அதை மறைப்பானேன்.

மகள் கவிதாவுக்குக் கல்யாணம் என்றார். திருப்பாச்சூர் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, பெண் அந்தக் காரில்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் இதில் போனவர்கள்தான் என்றார். எஞ்சினை வேறொருவர் சரிசெய்துவிட்டார், பொறி மட்டும் வரவில்லை. பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார். எதையும் மாற்றக் கூடாது.

மூன்று நாள் என் கடையில் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் ஒவ்வொரு பாகமாகக் கழற்ற, அவர் ஊசியால் அதன் மேல் சிறிய கீறல் ஒன்று போடுவார். நான் மாற்றிவிடாமல் இருக்க அடையாளம். தண்ணீர் தன் பாட்டிலில் கொண்டுவந்துவிடுவார். ஸ்டெல்லா காபி போட்டுத் தந்தபோது, இப்பதான் குடிச்சேன் என்றார். மூன்று வேளையும் இப்பதான் குடித்திருந்தார். இரண்டாம் நாளோடு அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

பழையதெல்லாம் குப்பை என்று சொல்கிறவன் அல்ல நான். அந்த மேக்னெட்டோவின் பேரிங்குகளைப் பெட்ரோலில் கழுவி விரலில் மாட்டிச் சுற்றினேன். சத்தமில்லாமல் சுற்றின. இன்று வரும் பேரிங்கில் பாதி அப்படிச் சுற்றாது. அதை மாற்றுவது பாவம். பற்சக்கரங்கள் நன்றாக இருந்தன. காந்தம் வலுக்குறைந்திருந்தது, அதற்கு மறுபடி வலு ஏற்றிவிடலாம். அதற்கும் அவர் யோசித்தார். புதிதாக எதையும் சேர்க்கவில்லையே, அதே காந்தம்தானே என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் விட்டார்.

ஆனால் இரும்பும் பித்தளையும் ஒரு ஜாதி, காகிதமும் அரக்கும் வேறு ஜாதி. உலோகம் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். கம்பிச் சுருளுக்கு நடுவே வைக்கிற காகிதமும், மேலே பூசுகிற அரக்கும் உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும், வெளியே தெரியாது. சுருளைத் தொட்டால் வெல்லப் பாகு மாதிரி கையில் ஒட்டியது. புதுக் கம்பியில் சுற்ற வேண்டும் என்றேன். பழைய கம்பியையே பிரித்துச் சுற்று என்றார். தலைமுடியைவிட மெல்லிய கம்பி அது. முடியாது என்று சொன்னதும், தானே பிரிக்கிறேன் என்று ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தார். இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை அறுந்தது. அறுந்த ஒவ்வொரு துண்டையும் ஒரு கவருக்குள் போட்டுக்கொண்டார். சாயங்காலம், செம்பு செம்புதானே, எந்தக் கம்பியாக இருந்தால் என்ன என்று தானாகவே ஒரு தத்துவத்துக்கு வந்து சேர்ந்தார். கவரை மட்டும் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

கண்டென்சர் விஷயத்தில் அப்படி எந்தத் தத்துவமும் அவருக்கு உதவவில்லை. சுருளுக்குப் பக்கத்தில் தகரக் கூட்டுக்குள் இருக்கும் சின்ன உறுப்பு அது. அது இல்லாவிட்டால் பொறிக்கு உயிர் இருக்காது. பழைய கண்டென்சர் குளிர்ச்சியாக இருக்கும்போது ஒழுங்காக வேலை செய்தது. பல்பு விளக்கின் சூட்டில் அரை மணி வைத்துச் சோதித்தேன், கசிய ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் காகிதம் போய்விட்டது, எஞ்சின் சூட்டில் வண்டி நின்றுவிடும், இதை மாற்றியே ஆக வேண்டும் என்று நான்கு முறை சொன்னேன். நான்காவது முறை அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் தாத்தா காலத்திலிருந்து ஓடுகிறது, உன் பல்புக்குத் தெரியுமா என்றார்.

நான் ஒரு முடிவு செய்திருந்தேன். பழையதை அதன் இடத்திலேயே பெயருக்கு விட்டுவிட்டு, உள்ளே இணைப்பை மட்டும் துண்டித்து, பக்கத்து இடுக்கில் கட்டைவிரல் நகம் அளவுள்ள புதுக் கண்டென்சரை வைத்துவிடுவது. அவர் கீறல் போட்ட தகரக் கூடு அப்படியே இருக்கும். அவருக்குத் தெரியவே தெரியாது. மூன்றாம் நாள் அவர் வாசலுக்கு எழுந்து போன நேரம் பார்த்துப் புதுசை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

வாசலில் என் வாடிக்கையாளர் ஒருவர், அரிசி ஆலை வைத்திருப்பவர், மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் இவர் காரைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். டயர், விளக்கு, ஹாரன், எல்லாமே அன்று வந்தது என்றார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவன் அப்பன் அந்த வண்டிய தள்னவன். இப்ப இவன் அதுக்கு ரிப்பேரு பாக்கறான். ஆளு கூட ஒரிஜினல்பா எங்களுது."

அரிசி ஆலைக்காரர் சிரித்தார். ஸ்டெல்லா காயில் சுற்றும் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கையிலிருந்த புதுக் கண்டென்சரை மேஜை டிராயருக்குள் போட்டு மூடினேன். பழையதையே ஈயம் வைத்து ஒட்டி, மேக்னெட்டோவை மூடினேன். திருகாணி ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில், ஒழுங்காக, சுத்தமாக முடுக்கினேன். அவ்வளவு நேர்த்தியாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

கையால் சுற்றியதும் நீலப் பொறி டப் டப் என்று பாய்ந்தது. குளிர்ச்சியாக இருக்கும்போது பாயத்தான் செய்யும். அவர் முகத்தில் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன். "பாத்தியா, ஒன்னியும் மாத்தாமலே வந்துச்சி" என்றார். கல்யாணத்துக்கு வரும்படி சொன்னார். அழைப்பிதழ் தரவில்லை. எதற்கும் டூல்ஸ் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே வா என்றார்.

கல்யாணத்தன்று காலை ஒன்பது மணிக்கே நல்ல வெயில். கோயில் வாசலிலிருந்து கார் கிளம்பியது. வேட்டியும் பட்டுச் சட்டையுமாக அவர்தான் ஓட்டினார். பின்சீட்டில் கவிதாவும் அவளுடைய அம்மாவும். ஸ்கூட்டரில் நானும் ஸ்டெல்லாவும். எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். மண்டபத்து வாசலில், சம்பந்தி வீட்டார் எல்லாரும் ஆரத்தித் தட்டோடு நிற்கும் இடத்தில், வண்டி இருமி நிற்பதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். வழியில் எங்கே நின்றாலும் நிற்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும்.

மேம்பாலம் ஏற வண்டிக்கு மூச்சு வராது என்று ரயில்வே கேட் இருக்கும் வழியாக விட்டார். முதல் தண்டவாளத்தைத் தாண்டி இரண்டாவதின் மேல் முன்சக்கரம் ஏறியதும் எஞ்சின் இரண்டு முறை விக்கியது. நின்றது.

அவர் நிதானமாக இறங்கினார். நாங்கள் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினோம். கேட்டருகே பஸ்ஸுக்கு நின்றிருந்த இரண்டு பேரும் ஓடிவந்து வண்டியில் கை வைத்தார்கள். "யாரும் தொடாதீங்க, பாலிஷ் போட்டுது" என்று அவர்களை விலக்கினார். சீட்டுக்கடியிலிருந்து இரும்புக் கைப்பிடியை எடுத்து முன்னால் போய் மாட்டினார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பொறியின் நேரத்தைத் தள்ளிவைக்கிற நெம்புகோல் ஒன்று உண்டு. கையால் சுற்றிக் கிளப்பும்போது அதைக் கீழே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் எதிர்த்து உதைக்கும். ஊருக்கெல்லாம் இந்தப் பாடத்தைச் சொல்கிறவர் அவர். அன்று மறந்துவிட்டார். அதற்குள் கேட்கீப்பர் சிவப்புக் கொடியோடு கத்திக்கொண்டே ஓடிவந்தார். சென்னைப் பக்கத்திலிருந்து ரயில் வருகிற நேரம் என்றார். கேட் மூடாமல் சிக்னல் விழாது, ரயில் தூரத்திலேயே நின்றுவிடும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்த நிமிடம் அங்கே யாருக்கும் அது தெரியாது.

இரண்டாவது சுற்றில் கைப்பிடி திருப்பி அடித்தது. மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கையைப் பிடித்துக்கொண்டு ஜல்லிக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

கவிதா கதவைத் திறந்து இறங்கினாள். அம்மாவைக் கைபிடித்து இறக்கிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பினாள். பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மருதாணி வைத்த இரண்டு கையையும் வண்டியின் பின்பக்கத்தில் வைத்தாள். "தள்ளுங்க" என்றாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள், கேட்கீப்பர், ஸ்டெல்லா, நான், எல்லாரும் தள்ளினோம். ஜல்லியில் உட்கார்ந்தபடி அவர் கத்திக்கொண்டிருந்தார். மட்கார்டில் கை வைக்காதே, மோதிரம் கீறும் என்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தண்டவாளத்தைத் தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தினோம். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கையெல்லாம் கறுப்பு மசி. என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, இது நின்னுடும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

அவளும் அம்மாவும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார்கள். அவரை நான் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் இடத்துக்கு அழைத்துப்போனேன். முகூர்த்த நேரத்தில் மண்டபத்தில் தாலி கட்டினார்கள், இங்கே இவர் கைக்கு மாவுக்கட்டுக் கட்டினார்கள். அவர் செய்ய வேண்டிய சடங்கைக் கவிதாவின் தாய்மாமன் செய்துவைத்தாராம். அன்று வீட்டுக்கு வந்தபின் ஸ்டெல்லா, "அந்தப் பொண்ணு உன்ன இன்னா பண்ணுச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

பதினைந்து நாள் கழித்து அவர் கடைக்கு வந்தார். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையில் மேக்னெட்டோ. நான் எதையோ மாற்றிவிட்டதால்தான் வண்டி நின்றது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு எட்டியிருந்தது. சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவர் அதை மேஜை மேல் வைத்தார். ஏற்கெனவே ஆள் வைத்துக் கழற்றிப் பார்த்திருந்தார்.

"கீறல் போட்டது ஒன்னு உடாம கீது. நீ எதியும் மாத்தல" என்றார்.

"ஆமா சார்."

"ஏன் மாத்தல?"

எனக்குப் புரியவில்லை. நீங்கள்தானே கூடாது என்றீர்கள் என்றேன்.

"நான் ஆயிரம் சொல்லுவேன். ஊட்ல வேணான்னா கேக்கறாங்களா? எனக்குத் தெரியாம சின்னச் சின்ன சாமான மாத்திட்டு, பழசுதான்றாங்க. நானும் தெரியாத மாதிரி இருந்துக்கினு கீறேன். நீயும் உள்ளார எதுனா வெச்சிருப்பேன்னு நெனச்சேன்."

இந்த மனிதரின் பிடிவாதத்தை நான் இத்தனை வருடம் ஒரு பெரிய பாறையாக நினைத்து வெறுத்திருக்கிறேன். அதைச் சுற்றி நின்று, அவருக்குத் தெரியாமல் என்று நினைத்துக்கொண்டு, நாலு பேர் தினமும் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதை நம்பித்தான் அவர் ஒரிஜினல் என்று பேசிக்கொண்டு திரிந்திருக்கிறார். முட்டுக் கொடுக்காமல் விட்டவன் நான் ஒருவன்தான். அதனால் தண்டவாளத்தில் நின்று வண்டி தள்ளியது அவர் இல்லை, அவருடைய மகள்.

மாற்றத்தான் எடுத்தேன் சார் என்றேன். கையில் வைத்திருந்தேன். அப்போதுதான் வாசலில் நீங்கள் என் அப்பாவைப் பற்றிச் சொன்னீர்கள். உள்ளே போட்டுவிட்டேன். நிற்கும் என்று தெரிந்துதான் கொடுத்தேன்.

அவர் நெற்றியைச் சுருக்கினார். "நான் இன்னா சொன்னேன்?"

நடிப்பில்லை. உண்மையாகவே நினைவில்லை. என் வாயால் அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு வரவில்லை. காயில் மெஷினிலிருந்து நிமிராமல் ஸ்டெல்லா சொன்னாள். "ஆளு கூட ஒரிஜினல்னு சொன்னீங்க. தள்றதுக்கு அப்பன், ரிப்பேருக்கு புள்ளன்னு."

அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, மிகவும் குழம்பிப்போன குரலில், "நல்ல விதமாத்தான சொன்னேன்?" என்றார்.

மேக்னெட்டோவைத் தூக்கி அவர் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த வண்டியை அவர் மறுபடியும் ரோட்டுக்கு எடுப்பார், பின்சீட்டில் மறுபடியும் யாராவது உட்காருவார்கள். டிராயரைத் திறந்து புதுக் கண்டென்சரை எடுத்தேன். இதைத்தான் போடப்போகிறேன், போட்டேன் என்று சொல்லியும் தருவேன் என்றேன். ஈயம் உருக்கும் கருவியை பிளக்கில் செருகினேன்.

என் உள்ளங்கையில் இருந்ததை அவர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு இடது கையால் நாற்காலியை இழுத்து, சாலைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். தொழிற்பேட்டையிலிருந்து கம்பிக்கட்டு ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நான் வேலையை முடிக்கும் வரை, அவற்றில் ஒன்றைக்கூட விடாமல், அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.